பவுண்டரி என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரயப் பத்திரம், கிரிக்கெட் செய்தி, எல்லைத் தகராறு குறித்த தலையங்கம், மனநலக் கட்டுரை என எதைத் தமிழில் எழுதினாலும் ‘பவுண்டரி’ என்ற ஆங்கிலச் சொல் எங்காவது எதிர்ப்படுகிறது. ‘எல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல இடங்களில் அது பொருந்தும். சில இடங்களில் பொருளைத் தலைகீழாக்கிவிடும். அந்த எல்லையை யார் போட்டார், யாருக்காகப் போட்டார் என்று ஒரு கணம் யோசித்தால் சரியான தமிழ்ச் சொல் தானாகக் கிடைக்கும் என்பது பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பு வேலை செய்பவனாக எனக்குள்ள நம்பிக்கை. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

பவுண்டரி என்பதன் அடிப்படைப் பொருள் என்ன?

ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் உள்ள கோடு. இந்தச் சொல்லுக்கு எப்போதும் இரண்டு பக்கம் வேண்டும். என் நிலம் முடிகிறது, உங்கள் நிலம் தொடங்குகிறது. அந்தக் கோட்டுக்கு அகலம் கிடையாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வயலில் இதை நேராகப் பார்க்கலாம். இரண்டு வயல்களுக்கு நடுவில் உள்ள வரப்புக்கு அகலம் உண்டு. அதன்மேல் நடக்கிறோம், சிலர் ஓரத்தில் துவரையோ உளுந்தோ ஊன்றுகிறார்கள். ஆனால் பவுண்டரி அந்த வரப்பு அல்ல. புலப்படத்தில் வரையப்பட்டு, இரு முனைகளிலும் கல் நட்டுக் காட்டப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத கோடு. ஆண்டுதோறும் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது ஒருவர் ஒரு மண்வெட்டிக் கனம் கூடுதலாக வெட்டினால் வரப்பு நகரும்; பவுண்டரி நகராது. கிராமங்களில் நடக்கும் வரப்புத் தகராறுகளில் பலவும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் தொடங்குகின்றன.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

எல்லைக் குறி என்ற பொருளுடைய ‘பவுண்ட்’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ‘பவுண்டரி’ என்ற வடிவம் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து எழுத்தில் காணப்படுகிறது. இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பங்குகளில் ‘பவுண்டு’களை அடித்துக் காட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. வரைபடம் அரிதாக இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒரு முறை ஊரார் பாதிரியாருடன் பங்கின் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். எல்லைக் கற்களைச் சிறுவர்கள் குச்சியால் அடிப்பார்கள். எல்லையை அடுத்த தலைமுறையின் நினைவில் பதியவைப்பதே நோக்கம். சில ஊர்களில் இன்றும் இது நடக்கிறது. நம் ஊர்களில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எல்லையை நினைவில் வைத்திருப்பது ஓர் ஊரின் கடமை என்ற எண்ணம் புதிதாக இருக்காது.

‘பவுண்ட்’ என்று வரும் இடமெல்லாம் எல்லைதானா?

அல்ல. ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே ஒலிப்பு, ஆனால் வெவ்வேறு வேர்கள். கட்டப்பட்டது என்ற பொருளில் வரும் ‘பவுண்ட்’ கட்டுதலைக் குறிக்கும் வினையின் இறந்தகால வடிவம்; பள்ளியில் வாங்கிய பவுண்டு நோட்டு அந்த வகை. துள்ளிப் பாய்வதைக் குறிக்கும் ‘பவுண்ட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. சென்னையை நோக்கிச் செல்லும் ரயில் என்று சொல்லும்போது ஊர்ப்பெயருக்குப் பின்னால் சேரும் ‘பவுண்ட்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ‘சட்டப்படி பவுண்ட்’ என்ற தொடரைச் சட்டத்தின் எல்லைக்குள் இருப்பது என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்; சட்டத்தால் கட்டுண்டவர் என்பதே அதன் பொருள்.

காம்பவுண்டு சுவருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

வேலை ஒன்றுதான், உறவு இல்லை. வளாகத்தைக் குறிக்கும் ‘காம்பவுண்டு’ மலாய் மொழியின் ‘கம்போங்’ என்ற சொல்லிலிருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. பிரிட்டனில் ‘பவுண்டரி சுவர்’ என்பதையே நாம் ‘காம்பவுண்டு சுவர்’ என்கிறோம். தமிழில் ‘சுற்றுச்சுவர்’, ‘மதில்’ இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

பவுண்டரிக்கும் பார்டருக்கும் என்ன வேறுபாடு?

பார்டர் என்ற சொல்லின் வேர் ‘விளிம்பு, ஓரம்’ என்ற பொருளுடையது. சேலையின் பார்டரைத் தமிழில் கரை என்கிறோமே, அதை நினைத்துக்கொண்டால் போதும். கரைக்கு அகலம் உண்டு, இரண்டு விரல் கரை, நான்கு விரல் கரை என்று கேட்டு வாங்குகிறோம். நாட்டுக்கும் அப்படியே. பார்டரில் ஊர்கள் இருக்கும், சோதனைச் சாவடி இருக்கும், சந்தை நடக்கும், மனிதர்கள் வாழ்வார்கள். பவுண்டரியில் யாரும் வாழ முடியாது. 1965இல் தொடங்கப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆங்கிலப் பெயரில் ‘பார்டர்’ இருப்பதும், 1947இல் இந்தியா–பாகிஸ்தான் எல்லையை வகுக்க சிரில் ராட்கிளிஃப் தலைமை வகித்த ஆணையங்களின் பெயரில் ‘பவுண்டரி’ இருப்பதும் தற்செயல் அல்ல. படையின் வேலை ஒரு நிலப்பகுதியைக் காப்பது. ஆணையத்தின் வேலை ஒரு கோட்டைத் தீர்மானிப்பது. ராட்கிளிஃப் தீர்மானித்த கோடு 1947 ஆகஸ்ட் 17 அன்று, அதாவது விடுதலை கிடைத்து இரண்டு நாள் கழித்துத்தான், வெளியிடப்பட்டது. அந்த இரண்டு நாளும் பஞ்சாபிலும் வங்காளத்திலும் பலருக்குத் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே உறுதியாகத் தெரியவில்லை. பார்டரில் வாழ்ந்தவர்களுக்குப் பவுண்டரி எது என்று தெரியாத நிலை அது.

கடலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்ட கோட்டை ஆங்கிலத்தில் சர்வதேசக் கடல் ‘பவுண்டரி’ கோடு என்றே எழுதுகிறார்கள். கல் நட முடியாத, வரப்புக் கட்ட முடியாத இடம். ஜிபிஎஸ் கருவியில் மட்டும் தெரியும் கோடு. ராமேஸ்வரம், நாகப்பட்டினம் செய்திகளில் ‘எல்லை தாண்டி மீன்பிடித்ததாக’ என்று நாம் படிப்பது இந்தக் கோட்டைத்தான். அங்கே ‘எல்லைப் பகுதி’ என்று எழுதினால் பொருள் நழுவிவிடும்.

ஃபிராண்டியர்?

முன்பக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது; நம் ஆட்சி எட்டும் இடத்தின் முகப்பு, அதற்கு அப்பால் நமக்கு அதிகம் தெரியாது என்ற உணர்வு இதில் உண்டு. இன்று பாகிஸ்தானில் உள்ள பகுதியின் வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்ற பழைய பெயரில் இருந்தது இந்தச் சொல்தான். அங்கிருந்து வந்ததால்தான் விடுதலைப் போராட்டத் தலைவர் கான் அப்துல் கஃபார் கானை ‘எல்லைக் காந்தி’ என்று தமிழில் அழைத்தோம். ‘எல்லைப்புறம்’ என்பது இதற்கு மிக நல்ல தமிழ். அதில் உள்ள ‘புறம்’ என்ற சொல், இது கோடு அல்ல, ஒரு பரப்பு என்பதைச் சொல்லிவிடுகிறது.

லிமிட்டை எப்போது பயன்படுத்த வேண்டும்?

இதற்கு மேல் போக முடியாது அல்லது போகக் கூடாது என்ற அளவைச் சொல்லும்போது. லிமிட்டுக்கு ஒரு பக்கம் போதும். மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. வேக வரம்பு, வயது வரம்பு, கடன் உச்சவரம்பு எல்லாம் லிமிட். இதன் லத்தீன் மூலச் சொல்லான ‘லிமெஸ்’ வயல்களுக்கு இடையே செல்லும் பாதையைக் குறித்தது என்று அறிந்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது. தமிழிலும் வரம்பு என்பது முதலில் வயல் வரப்பே. பிறகுதான் அளவு, நெறி என்ற பொருள்கள் வந்தன. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு உழவுச் சமூகங்கள் ஒரே வரப்பில் நடந்து ஒரே பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

கிரிக்கெட்டில் பவுண்டரி என்றால் நான்கு ஓட்டங்கள் மட்டும்தானா?

தமிழ்ப் பேச்சில் அப்படித்தான். ‘மூன்று பவுண்டரி, இரண்டு சிக்சர்’ என்று பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பவுண்டரி என்பது முதலில் மைதானத்தின் எல்லைக்கோடு. அடுத்து, அந்தக் கோட்டைப் பந்து தொட்டதாலோ தாண்டியதாலோ கிடைக்கும் ஓட்டங்கள், அவை நான்காக இருந்தாலும் ஆறாக இருந்தாலும் சரி. இந்த வேறுபாடு ஓர் உலகக் கோப்பைச் செய்தியையே குழப்பியது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் எடுத்தன. சமநிலையை முறிக்க ஆடிய சூப்பர் ஓவரிலும் தலா 15. பிறகு பவுண்டரி எண்ணிக்கை பார்த்து, 26க்கு 17 என்ற கணக்கில் இங்கிலாந்துக்குக் கோப்பை வழங்கப்பட்டது. அந்த எண்களில் சிக்சர்களும் அடக்கம். ‘26 முறை நான்கு ஓட்டங்கள் அடித்தது’ என்று தமிழில் எழுதினால் தவறு. அந்த விதியை ஐசிசி அதே ஆண்டு அக்டோபரில் நீக்கிவிட்டது. நீக்கியது நியாயம் என்றே நான் கருதுகிறேன்; ஓடி எடுத்த ஓட்டம் கோட்டைத் தாண்டிய பந்தை விடக் குறைந்ததல்ல.

கோடு என்ற பொருளில் வரும்போது ‘எல்லைக்கோடு’ என்று எழுதுவதே தெளிவு. ‘பவுண்டரி அருகே பிடித்தார்’ என்பதை விட ‘எல்லைக்கோட்டருகே பிடித்தார்’ என்பது காட்சியைக் கண்முன் நிறுத்தும். 

கிரயப் பத்திரத்தில் பவுண்டரி என்பதை எப்படி எழுதுவது? அல்லது பத்திரத்தை ஆங்கிலமாக்கும்போது எப்படி மாற்றுவது?

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. ஒரு சொல் மாறினால் ஒருவருடைய வீட்டு வாசல் மாறிவிடும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் வருவதை ‘நான்கெல்லை’, ‘நான்கு மால்’, ‘செக்குபந்தி’ என்று வட்டாரத்துக்கு ஏற்பச் சொல்கிறார்கள். பழைய பத்திரங்களின் நடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘கந்தன் நிலத்துக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, முத்தையா தோட்டத்துக்கு மேற்கு, இதற்குள்பட்ட புஞ்சை’. இங்கே சொல்லப்படுவது நம் சொத்து எங்கே இருக்கிறது என்பது. கந்தன் நிலத்துக்குத் தெற்கே நம் நிலம். ஆகவே கந்தன் நிலம் நமக்கு வடக்கே. ஆங்கிலப் பத்திரமோ சொத்தின் நடுவில் நின்றுகொண்டு நான்கு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும்: வடக்கே கந்தன் நிலம், தெற்கே வாய்க்கால், மேற்கே வண்டிப்பாதை, கிழக்கே முத்தையா தோட்டம்.

‘தெற்கு’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் ஆங்கிலத்திலும் தெற்கைப் போட்டு, கந்தன் நிலத்தைத் தெற்கு எல்லையாக்கிய ஒரு மொழிபெயர்ப்பு என் கைக்கு ஒருமுறை வந்தது. நான்கு எல்லைகளும் திரும்பிக் கிடந்தன. வாய்க்காலை வடக்கே காட்டிய அந்தத் தாளையும், வாய்க்காலைத் தெற்கே காட்டிய புலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிழை பிடிபட்டது. அன்றிலிருந்து பத்திரத்தைத் தொடும் முன் ஒரு வெற்றுத்தாளில் கட்டம் போட்டு, நான்கு பக்கமும் பெயர்களை எழுதிய பிறகே மொழிபெயர்க்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். எல்லைகளில் முரண் இல்லாதபோது, பரப்பளவுக்கும் எல்லைக்கும் இடையே வேறுபாடு வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முதலிடம் தருகின்றன என்பதால், இந்தக் கட்டம் போடும் ஐந்து நிமிடம் வீணாகாது.

அலுவலகத் தமிழில் ‘எல்லை’ என்பதே நிலைபெற்ற சொல். 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. கூடவே, ‘லேண்ட்மார்க்’ என்ற சொல்லின் பழைய பொருளும் எல்லைக்கல்தான் என்பதை அறிந்துகொள்வது நல்லது. அரசு நட்ட ‘லேண்ட்மார்க்’கை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவு சொன்னது. அதைப் புகழ்பெற்ற கட்டடம் என்று புரிந்துகொள்ளக் கூடாது.

டிலிமிட்டேஷன், டிமார்க்கேஷன் இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது, எல்லை எங்கே செல்கிறது என்று தாளில் முடிவு செய்வது. தமிழில் ‘எல்லை வரையறை’. இரண்டாவது, முடிவான எல்லையைத் தரையில் கல்லோ தூணோ நட்டுக் காட்டுவது. தேர்தல் தொகுதிகளுக்கு நடப்பது முதல் வகை என்பதால் ‘தொகுதி மறுவரையறை’ என்று நாளிதழ்கள் எழுதுவது சரியே. மாநில எல்லைகளை மாற்றும் அதிகாரத்தைப் பற்றிப் பேசும் அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு பவுண்டரி என்ற சொல்லையே பன்மையில் பயன்படுத்துகிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரியும் செங்கோட்டையும், 1960இல் திருத்தணியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததை ‘எல்லை மாற்றம்’ என்றும், அதற்காக நடந்ததை ‘எல்லைப் போராட்டம்’ என்றும் சொல்கிறோம். ம.பொ.சி.யின் பெயரோடு இணைந்த அந்தத் தொடரை வேறு சொல்லால் மாற்ற வேண்டியதில்லை.

அறிவியலில் வரும்போது?

‘எல்லை’யே போதும். எல்லை நிபந்தனை, தட்டு எல்லை, எல்லைப் படலம் ஆகியவை பாடநூல் படித்தவர்களுக்குப் பழகியவை.

எழுத்துக்கூட்டலில் என்ன கவனிக்க வேண்டும்?

‘டி’க்கும் ‘ஆர்’க்கும் நடுவில் உள்ள ‘ஏ’யைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிரிட்டிஷ் ஒலிப்பில் ‘பவுண்ட்ரி’ என்று கேட்பதே காரணம். தமிழ் எழுத்தில் வேறொரு சிக்கல் உண்டு. கோவையில் ‘பவுண்டரி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தால் அது பெரும்பாலும் இரும்பு வார்ப்பாலை. அந்தச் சொல்லை ‘ஃபவுண்டரி’ என்று ஆய்தம் சேர்த்து எழுதினால் குழப்பம் தீரும்.

மனநலக் கட்டுரைகளில் பன்மையில் வரும் ‘பவுண்டரீஸ்’ என்பதை எப்படிச் சொல்வது? வரம்பு என்று எழுதலாமா?

கடந்த சில ஆண்டுகளில் எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. இந்தப் பயன்பாட்டில், பிறர் என்னிடம் எப்படி நடந்துகொள்வதை ஏற்பேன், எதை ஏற்க மாட்டேன், என் நேரத்திலும் உடலிலும் உணர்விலும் எதுவரை பிறருக்கு இடம் உண்டு என்பதை நானே தீர்மானித்துச் சொல்வதற்குப் பெயர் ‘பவுண்டரீஸ்’. நான் என்னைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் கோடு அது.

தமிழில் ‘வரம்பு’ அப்படிப்பட்ட சொல் அல்ல. ‘வரம்பு மீறாதே’ என்று யார் யாரிடம் சொல்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் சிறியவரிடம், முதலாளி வேலையாளிடம், மாமியார் மருமகளிடம். வரம்பு பிறர் நமக்குப் போட்டது. அதை மதிப்பது நம் கடமை என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பெண்கள் தங்களுக்கென்று வரம்புகளை வைத்துக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு கட்டுரையில் வந்தால், பெண்கள் அடங்கி நடக்க வேண்டும் என்றே தமிழ் வாசகர் புரிந்துகொள்வார். மூலத்தில் சொல்லப்பட்டது நேர் எதிரானது. ‘என் எல்லை’ என்று எழுதினாலோ அதிகார எல்லை அல்லது என்னால் முடிந்த அளவு என்ற பொருள் முந்திக்கொள்கிறது.

எனவே இந்த இடத்தில் பெயர்ச்சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, வினையால் சொல்வதையே நான் விரும்புகிறேன். ‘செட் பவுண்டரீஸ்’ என்பதை ‘எதற்கு இடம் கொடுப்போம், எதற்குக் கொடுக்க மாட்டோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுதல்’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் ‘இடம் கொடுத்தல்’ என்பது நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் வழக்கு, கொடுப்பவர் நாம் என்பதும் அதில் தெளிவாக இருக்கிறது. கட்டுரையில் திரும்பத் திரும்ப வருமானால் முதலில் இப்படி விளக்கிவிட்டு, பிறகு ‘தன்னெல்லை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

பிறருக்குப் போடும் தடையையும் தன்னெல்லை என்று சொல்லலாமா?

கூடாது. ‘நீ அவர்களோடு பேசக் கூடாது’ என்பது கட்டளை. ‘என்னைப் பற்றி இழிவாகப் பேசும் இடத்தில் நான் உட்கார மாட்டேன்’ என்பது தன்னெல்லை. வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும்.

உறவினர்களிடம் இதை மரியாதைக் குறைவு இல்லாமல் தமிழில் சொல்ல முடியுமா?

முடியும். ஆங்கிலக் கட்டுரைகளில் வரும் மாதிரி வாக்கியங்களை அப்படியே மாற்றினால்தான் அவை முகத்தில் அடித்தாற்போல ஒலிக்கின்றன. நம் பேச்சில் முறை வைத்து அழைப்பதே பாதி மரியாதையைச் சுமந்துகொள்கிறது. ‘அத்தை, சம்பள விஷயம் மட்டும் வேண்டாமே, மற்றதெல்லாம் கேளுங்கள், சொல்கிறேன்’ என்பதில் மறுப்பும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. மேலதிகாரியிடம், ‘ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுப்பதில்லை சார், திங்கள் காலை முதல் வேலையாகப் பார்த்துவிடுகிறேன்’ என்று சொல்லலாம். ‘எடுக்க முடியாது’ என்பதை விட ‘எடுப்பதில்லை’ என்பது நன்றாக நிற்கும், ஏனெனில் அது அன்றைய மறுப்பாக இல்லாமல் நம் வழக்கமாக ஒலிக்கிறது.

குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது எந்தப் பெயர்ச்சொல்லும் வேண்டாம். விருந்துக்கு வந்த மாமா பாசத்தோடு கன்னத்தைக் கிள்ளுகிறார். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ‘கிள்ளாதீங்க மாமா, எனக்கு வலிக்குது’ என்று சொல்லலாம் என்பதை முன்னதாகவே சொல்லிக்கொடுங்கள். அதைப் பிள்ளை சொல்லும்போது, ‘பெரியவங்ககிட்ட அப்படிப் பேசக் கூடாது’ என்று அடக்காமல், ‘ஆமாம் அண்ணா, அவனுக்குப் பிடிக்காது’ என்று பக்கத்தில் நின்று நீங்களும் சொல்லுங்கள்.